மை காயும் வரை

ஃபிர்மேனுக்கு முன்னால் நின்ற வரிசை கூடாரத்தின் வாசலைத் தாண்டி மழைக்குள் நீண்டிருந்தது. ஒதிலோனுக்கு முன்னால் ஆறிப்போன காப்பி இருந்தது.

ஒரே மேசை. ஒரே புத்தகம். அட்டையில் இருவர் பெயரும் ஒரே அளவு எழுத்தில். அந்த அளவுக்காக ஒதிலோன் பதிப்பகத்தோடு ஒரு கோடைகாலம் முழுக்க மல்லுக்கட்டியிருந்தார்.

என்ன பயன்? அங்கூலேம் நகரத்துச் சித்திரக்கதைத் திருவிழாவுக்கு வருகிறவர்களுக்கு முதல் பக்கத்தில் ஒரு படம் வேண்டும். கண்ணெதிரே, தங்களுக்கென்றே வரைந்த படம். கதை எழுதிய ஒதிலோனால் அந்தப் பக்கத்தில் என்ன செய்துவிட முடியும்? கையெழுத்துப் போடலாம். கையெழுத்தைத் தபால்காரரும்தான் வாங்கிக்கொண்டு போகிறார்.

ஃபிர்மேன் தூரிகையை நனைத்து நாலே இழுப்பில் படகுக்காரக் கிழவனைக் கொண்டுவந்தான். வரிசை 'ஆ' என்றது. ஒவ்வொரு தடவையும் 'ஆ' என்றது. ஒதிலோனுக்கு வயிறு எரிந்தது.

அந்தக் கிழவனைப் பெற்றவர் அவர். பெயர் வைத்து, கால்வாயில் படகு விட்டு, அதை இழுக்கக் குதிரை வாங்கிக் கொடுத்து, வாயில் பேச்சையும் வைத்தவர். அந்தப் பேச்சு பள்ளிக்கூடங்களில் பாடமாக இருக்கிறது. அமைச்சரே வந்து பதக்கம் குத்தினார். ஆனால் இந்தக் கூடாரத்துக்குள் கிழவனுக்குத் தகப்பன் ஃபிர்மேன்தான்.

படம் வாங்கிய ஒருவர் விரித்த புத்தகத்தோடு இந்தப் பக்கம் நகர்ந்தார். ஒதிலோன் பேனா மூடியைக் கழற்றினார்.

"மை காயுற வரைக்கும் இப்படி ஓரமா வெச்சுக்கவா சார்? உங்க பக்கம் காலியாத்தானே இருக்கு."

ஒதிலோன் மூடியைத் திரும்ப மாட்டினார்.

ஃபிர்மேன் நிமிரவில்லை. நிமிர்ந்திருந்தாலும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டான். கிழவனின் குதிரை செத்த அந்தப் புத்தகத்துக்குப் பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. எழுதியதும் வரைந்ததும் பதிப்பகம் வழியாகப் போய் வந்தன.

அப்போதுதான் வரிசை விலகி வழிவிட்டது. "ஒதிலோன் பெராக் எங்க?" என்று கேட்டுக்கொண்டே ஒரு பெண்மணி வந்தாள். யாரோ தோளைத் தொட்டுத் திருப்பிவிட்டார்கள். ஃபிர்மேனைத் தாண்டி, மேசை விளிம்பைத் தடவியபடி, நேராக ஒதிலோன் முன்னால் வந்து நின்றாள். ஜனவரி மழையில் கறுப்புக் கண்ணாடி. பாரிஸ் பந்தா, என்று நினைத்தார் ஒதிலோன். நினைத்த கையோடு அந்தப் பந்தாவை மன்னித்தும் விட்டார்.

"ஒர்த்தான்ஸ்னு எழுதி உங்க கையெழுத்துப் போடுங்க சார்."

"படம் வேண்டாமா?" ஃபிர்மேன் காதில் விழட்டும் என்றே உரக்கக் கேட்டார்.

"படம் எனக்கெதுக்கு? நீங்க எழுதினது போதும்."

ஒதிலோனுக்குத் தலைகால் புரியவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தார். தூரிகை காகிதத்துக்கு மேலே அப்படியே நின்றிருந்தது. நன்றாகக் கேட்டிருக்கிறது அவனுக்கு!

"எனக்குப் பார்வை கிடையாது சார். வீட்டுக்காரர்தான் படிச்சுக் காட்டுவார். லாரி ஓட்டுறவர்தான், ஆனா கிழவனுக்கு ஒரு குரல், மதகுக்காரனுக்கு ஒரு குரல்னு ஜமாய்ப்பார். இப்ப காரை நிறுத்த இடம் கிடைக்காம ஊரையே சுத்திட்டிருக்கார்."

அவளுக்குப் படமே இல்லை. வெறும் சொல்தான், அத்தனையும் அவருடைய சொல். இதைவிட ஓர் எழுத்தாளனுக்கு என்ன வேண்டும்? அவள் பெயரை அழகாக எழுதிக் கையெழுத்தும் போட்டார். அத்தோடு விட்டிருக்கலாம். ஆசை விடவில்லை.

"எந்த இடம் ரொம்பப் பிடிச்சுது?"

"குதிரை செத்துப்போற இடம். பக்கம் பக்கமா யாருமே பேச மாட்டாங்களே, அது. இவர் வாயே திறக்கல. தாள் புரளுற சத்தம் மட்டும் கேட்டுச்சு. அப்புறம் பாத்தா இவர் மூக்கை உறிஞ்சுறார். நானும் அழுதுட்டேன். அந்த இடத்துல கிழவனைப் பேசாம விட உங்களுக்கு எப்படி சார் மனசு வந்துச்சு?"

மனசு வரவே இல்லை. அந்தப் பக்கங்கள் முழுக்கக் கிழவனைப் பேச வைத்திருந்தார் ஒதிலோன். பிறப்பு, சாவு, கடவுள், கால்வாய் என்று ஒன்றையும் விடவில்லை. தான் எழுதியதிலேயே அதுதான் உச்சம் என்று இன்றைக்கும் நம்புகிறவர். ஃபிர்மேன் அத்தனை வசனத்தையும் எடுத்துவிட்டு வெறும் படமாக வரைந்து கொடுத்தான். பதிப்பகமும் அவன் பக்கம் சாய்ந்தது. சண்டையே அதற்குத்தான்.

ஒதிலோன் வாயைத் திறந்தார். என்ன சொல்லப் போகிறார் என்று அவருக்கே தெரியவில்லை.

"அது அவரால மட்டும்தாம்மா முடியும்," என்றான் ஃபிர்மேன்.

அவள் குரல் வந்த பக்கம் திரும்பினாள். "நீங்க யாருங்க?"

இந்த ஒரு கேள்வியை யாராவது இவனைப் பார்த்துக் கேட்க மாட்டார்களா என்று எத்தனை திருவிழாக்களில் ஏங்கியிருப்பார் ஒதிலோன்!

"அவரோட வாசகன்மா."

"அப்ப நாம ஒரே கட்சி," என்று சிரித்தபடி அவள் புத்தகத்தை வாங்கிக்கொண்டு நகர்ந்தாள்.

கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தான் போய்க்கொண்டிருந்தாள். ஒதிலோன் கூப்பிடவில்லை. பக்கத்தில் இருந்தவனுக்கு நன்றி சொல்லவும் நாக்கு எழவில்லை. ஃபிர்மேன் அடுத்த புத்தகத்தை இழுத்து வைத்துத் தூரிகையை நனைத்தான்.

வரிசையை எடுத்துக்கொண்டான், சரி. கிழவனையும் எடுத்துக்கொண்டான், போகட்டும். பெருந்தன்மையையாவது தனக்கு விட்டுவைத்திருக்கக் கூடாதா என்றுதான் ஒதிலோனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.