அடிபடாத தேயிலை

மின்சாரம் போன, பர்மியப் பேட்டையான பசுந்தாங்கின் கிடங்கில், கூரை ஓட்டை வழியே இறங்கும் பகல் வெளிச்சத்தில் தேயிலைத் தூசு மிதக்கிறது. சீனத்து யுன்னானில் புளிக்கவைத்து வட்டு வட்டாய் அழுத்திய பழந்தேயிலை. ஒவ்வொன்றும் கல்லுக்குத் தம்பி. கிடங்கு முதலாளி ஜுல்ஃபிகர் பாய், பொட்டலம் கட்டும் புஷ்பலதாவின் முன்னால் ஒரு தாளை அறைகிறார். இலை பறித்தவர் முதல் கட்டியவர் வரை எவர் மேலும் யாரும் கைவைத்ததில்லை என்று வேலைக்காரி ஒருத்தி கையெழுத்துப் போட்டால்தான் சிங்கப்பூர் வியாபாரி மீரா முகைதீன் சரக்கை எடுப்பார். மனசாட்சி சுத்தமாக இருந்தால்தான் அவர் நாக்கில் ருசியே ஏறுமாம். “போடு புள்ள, வந்துக்கிட்டிருக்காரு.” “நேத்து எங்கூட கட்டுற மா தீடாவோட விரலை ஒடிச்சீங்களே பாய், அது எந்த வரியில இருக்கு?”

பாய் கையிலிருந்த வட்டால் அவள் காதோரம் ஓங்கி அடிக்கிறார். வட்டைச் சுற்றிய காகிதம் கிழிந்து, கறுத்த இலையும் ரத்தமும் கழுத்தில் ஒட்டுகின்றன. மழை நனைத்த மண்ணின் மணம் எழுகிறது. பழந்தேயிலை ரசிகர்கள் இந்த மணத்துக்குத்தான் உயிரை விடுகிறார்கள். புஷ்பலதா இன்னொரு வட்டை இரண்டு கையாலும் தூக்கி அவர் வாயிலேயே இறக்குகிறாள். பல்லொன்று தாளின் மேல் விழுந்து உருள்கிறது. மரப்படி முனக, மீரா முகைதீன் கைக்குட்டையால் மூக்கை ஒற்றிக்கொண்டு நுழைகிறார். அவளுடைய கழுத்து அவர் கண்ணில் படவில்லை. “என்ன பாய், வாயெல்லாம் ரத்தம்?” புஷ்பலதா மூன்றாவது வட்டை எடுத்து நிதானமாகத் தூசு தட்டுகிறாள். ஜுல்ஃபிகர் பாய் அதைப் பார்க்கிறார். “இங்கே யாரும் யாரையும் அடிக்கிறதில்லைங்க,” என்கிறார், வீங்கிய உதட்டோடு.