அட்டை கடித்த கால்

நெஞ்சில் ஆப்பரேஷன் ஆனவர்களுக்கு, காலில் இரத்தம் கட்டிவிடாமலிருக்கத் தினமும் வயிற்றில் ஓர் ஊசி போடவேண்டும். பதுளை ஆஸ்பத்திரியில் அந்த வார்டில் ஊசி தீர்ந்து இரண்டு நாளாயிற்று. மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துத் தர்மலிங்கத்துக்கு இறுக்கமான காலுறை மட்டும்தான்.

காலையில் நர்ஸ் நிரோஜா அதைக் கழற்றினாள். கணுக்காலில் புதிதாக அட்டை கடித்திருந்தது. அட்டை கடித்த இடத்தில் இரத்தம் லேசில் உறையாது, வழிந்துகொண்டேயிருந்தது. நேற்றும் அப்படித்தான். வார்டு இருப்பதோ மூன்றாம் மாடியில்.

"என் சம்சாரமுங்க, மிஸ்ஸி. கொழுந்தெடுத்துட்டு வந்தா காலுல அட்டையோடதான் வருவா."

அவள் இரத்தம் கட்டி இறந்து நாலு வருஷம்.

அன்று மத்தியானம் ஊசி வந்தது. நிரோஜா போட்டாள். மறுநாள் காலில் புதுக் கடி இல்லை.

அடுத்த ஊசியோடு போனபோது, தர்மலிங்கம் போர்வையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டார்.

"வேணாங்க, மிஸ்ஸி. இதப் போட்டா அவ வரமாட்டேங்கிறா."