ஏழாவது லெவல்

திரைக்கு எதிரே உட்கார்ந்ததும் மேதை கண்களை மூடிக்கொண்டார். சத்தத்தை வைத்தே ஒரு புள்ளி பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார் என்று முதலாளி புரோகிராமரின் காதில் கிசுகிசுத்தார். பிசகியிருந்தால் நாளையிலிருந்து நீ வர வேண்டாம் என்பதையும் அதே மூச்சில் சேர்த்துக்கொண்டார்.

மேதை படைத்த விண்வெளிச் சண்டை வீடியோ விளையாட்டு இருபது வருடமாக விளையாட்டுக் கூடங்களில் ஆள் உயரப் பெட்டிகளில் ஓடிக்கொண்டிருந்தது. மொத்தம் ஏழு லெவல். இரண்டாவது லெவலின் முடிவில் வரும் எதிரியின் தாய்க்கப்பலைத் தாண்டியவர் உலகத்திலேயே கிடையாது. ஏழாவதைக் காண ஒரு பிறவி போதாது என்று மேதை பேட்டிகளில் சொல்லி வந்தார்.

அதை வீட்டு டிவியில் விளையாடும்படி மாற்றித் தரும் வேலை இந்த அலுவலகத்துக்கு வந்தது. மேதை விதித்த நிபந்தனை இரண்டே இரண்டு. பழைய பெட்டியைத் திறக்கக் கூடாது, விளையாடிப் பார்த்துத்தான் நகல் எடுக்க வேண்டும். தாய்க்கப்பலின் குண்டுகளில் ஒன்றைக்கூடக் குறைக்கக் கூடாது.

புரோகிராமர் நான்கு மாதம் விளையாடினார். முதல் இரண்டு லெவலும் அச்சு அசலாக வந்துவிட்டன. அதற்கு மேல் கட்டைவிரல் வீங்கியதே தவிர, தாய்க்கப்பல் வழி விடவில்லை. முதலாளியிடம் போய்ச் சொன்னதற்கு, முடியலைன்னு சொல்லவா உனக்கு நாற்காலி போட்டிருக்கேன் என்று கேட்டார்.

வழி சொன்னது மனைவிதான். "யாருமே பார்த்ததில்லைன்னா நீங்களே எதையாவது போட்டு விடுங்களேன். யாரு வந்து சரிபார்க்கப் போறா?" என்றாள், சமையலறையிலிருந்து.

மேதையே நேரில் வந்து நிற்பார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அவள் சொன்னபடியே மூன்றாவது லெவலில் குக்கர் மூடிகள் விசிலடித்தபடி பறந்து வந்து தாக்கின. நான்காவதில் குளியலறை வாளிகள். ஐந்திலும் ஆறிலும் துவைக்கப் போட்ட துணிகள் கொடியோடு கிளம்பி வந்தன. ஏழாவதின் தாய்க்கப்பலுக்கு அவசரத்தில் வேறு முகம் அகப்படாமல் முதலாளியின் முகத்தையே, இரட்டைத் தாடை உட்பட, வரைந்து வைத்திருந்தார்.

மேதை கண்ணைத் திறந்தார். "முதல் ரெண்டும் எனக்குத் தெரிஞ்சதுதானே. மூணாவதுலேர்ந்து காட்டுங்க."

விளையாடுபவரின் கப்பல் அழியாமலிருக்கத் தான் ரகசியமாக வைத்திருந்த பொத்தானை அழுத்திவிட்டு, புரோகிராமர் மூன்றாவது லெவலைத் திறந்தார். முதல் குக்கர் மூடி விசிலோடு வந்தது. மேதை நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார்.

வெகு நேரம் கழித்து, "பசி" என்றார்.

தனக்கும் அதுதான் தோன்றியதாக முதலாளி உடனே சொன்னார். வாளிகள் வந்ததும், இது தாகமாகத்தான் இருக்க வேண்டும் என்று தானாகவே முந்திக்கொண்டார். மேதை மறுக்கவில்லை. துணிகள் வந்தபோது இருவரும் மானத்தைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார்கள்.

ஏழாவதில் தாய்க்கப்பல் திரையை அடைத்துக்கொண்டு இறங்கியது. புரோகிராமர் ஓரக்கண்ணால் முதலாளியைப் பார்த்தார்.

"என்ன கொடூரமான மூஞ்சி சார். பார்த்தாலே பத்திக்கிட்டு வருது" என்றார் முதலாளி, தாடையைத் தடவியபடி.

மேதை கைக்குட்டையால் கண்களை ஒற்றிக்கொண்டார். ஒரு புள்ளி பிசகவில்லை என்று தீர்ப்பு வந்தது. முதலாளி பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒரு ஊழியரின் தோளைத் தட்டிவிட்டு, ஒப்புதல் காகிதத்தை எடுத்து வர ஓடினார்.

கதவு சாத்திக்கொண்டது. மேதை அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். வேலை போயிற்று என்று புரோகிராமருக்குத் தெரிந்துவிட்டது. உண்மையைத் தானே சொல்லிவிடலாம் என்று, "சார், அந்தக் குக்கர் வந்து..." என்று ஆரம்பித்தார்.

மேதை கையமர்த்தினார்.

"பழைய பெட்டியிலயும் இந்த அஞ்சையும் போட்டுக் குடுத்துடுங்க தம்பி. ரெண்டுக்கு மேல நான் செய்யவே இல்லை."