பூசாத முகம்

வெண்புள்ளி உள்ள பெண்களின் வாட்ஸ்அப் குழுவில், அதைக் கிரீம் பூசி மறைக்கக் கற்றுக்கொடுத்தவள் பிரிசில்லா. ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் அவளுடைய வெறும் முகத்தை ஆறு வருடமாக வெளியாள் யாரும் பார்த்ததில்லை. அன்று காலை ஏழு மணிக்கு, குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த சுகந்தி எழுதினாள்: “அக்கா, பத்து மணிக்கு இன்டர்வியூ. கிரீம் போட்ட இடமெல்லாம் தடிச்சுப் போச்சு. கழுவிட்டு அப்படியே போகட்டுமா?”

‘போ’ என்று தட்டிய பிரிசில்லா, அனுப்பாமல் அழித்தாள். தான் செய்யாததை இன்னொருத்தியை எப்படிச் செய்யச் சொல்வது? முகத்தை நன்றாகக் கழுவிக்கொண்டு, எதுவும் பூசாமல் வேலைக்குக் கிளம்பினாள்.

கவுண்டரில் முதலில் வந்தவர் குனிந்து பார்த்ததும் கையைப் பின்னுக்கு இழுத்தார். “முகத்துல என்னம்மா இது?”

“வெண்புள்ளிங்கய்யா. ஒட்டிக்காது. எந்த ஊருக்கு?” அவள் பார்வையை விலக்கவில்லை.

அவர் பின்னுக்கு இழுத்த கையைப் பணத்தோடு மறுபடி நீட்டினார். பிறகு, “விருத்தாசலம், ரெண்டு” என்றார்.

டிக்கெட்டைக் கொடுத்த கையோடு பிரிசில்லா போனை எடுத்தாள். “கழுவிட்டுப் போ சுகந்தி. முதல்ல உத்துப் பார்ப்பாங்க. அப்புறம் கேள்வி கேப்பாங்க. நீ பதில் சொல்லு.”

அடுத்த ஆள் முன்னே வந்தார். பிரிசில்லா முகத்தை நிமிர்த்தினாள்.