நிழலுக்குக் காவல்

பகல் பன்னிரண்டு மணிக்குக் கடலில் கையை விட்ட சேசுராஜ் சட்டென்று எடுத்துக்கொண்டான். தண்ணீர் வடிகஞ்சியாய்ச் சுட்டது. மீன்பிடிக்கத் தடைசெய்த அந்தப் பவளப்பாறைக்கு அவன்தான் காவல். சூட்டில் பவளம் செத்து, பாறை வெளுத்துச் சரிந்து கிடந்தது; ஒதுங்க அங்கே நிழலில்லை. மீன்களெல்லாம் எங்கே போயின என்று குனிந்து பார்த்தான். அவன் படகின் நிழலுக்குள் நின்றன. கிளிமீன், ஓரா, ஒரு சின்னச் சுறாகூட, ஒன்றையொன்று தின்ன மறந்து, செதிலோடு செதில் உரச நின்றன.

மோட்டாரைப் போட்டுச் சற்றுத் தள்ளிப் போனான். நிழல் நகர்ந்தது. சத்தத்துக்குச் சிதறாமல் மீன்களும் நகர்ந்தன. இடப்பக்கம் திருப்பினான், அவையும் திரும்பின. அவனுக்குச் சிரிப்பு வந்தது. இன்னும் கொஞ்சம் போய்ப் பார்த்தான்.

எல்லை மிதவைகளுக்கு அப்பால், பாறைகளுக்கு நடுவே கரைக்குப் போகும் ஒரே வழியில், அவன் மைத்துனன் சூசை வலையை விரித்துவிட்டுப் பீடி குடித்துக்கொண்டிருந்தான். எல்லைக்கு வெளியே விரித்த வலையை யாரும் கேட்க முடியாது. சேசுராஜ் மோட்டாரை அணைத்தான்; மீன்களும் படகின் நிழலுக்குள்ளேயே நின்றன. அவனுடைய குடிதண்ணீர் கேன் காலியாகி வெகுநேரம் ஆகியிருந்தது.

சூசை எழுந்து நின்று நீருக்குள் எட்டிப் பார்த்தான், பிறகு படகில் கிடந்த காலிக் கேனைப் பார்த்தான்.

"என்ன மச்சான், ஆட்டு மந்தையா ஓட்டிட்டு வாற? தண்ணி குடிக்கணும்னா இந்த வழியாத்தானே வந்தாகணும்?"