காலி நாற்காலியில் எரிந்த பல்பு

இனி உலகத்தில் மின்வெட்டே கிடையாது என்று கேஷவ் அறிவித்தான். உட்காருபவரின் உடல்சூட்டை மின்சாரமாக்கும் தகடு செய்திருந்தான். நாளைக்குக் கல்லூரியில் ப்ராஜெக்ட் ரிவ்யூ. பெருங்களத்தூரில் நண்பன் டெனிஸ் வீட்டில், இறந்துபோன அவன் அப்பாவின் நாற்காலியில் அதை ஒட்டி, ஒயரில் ஒரு பல்பை மாட்டினான்.

"அது அவர் சீட்டு தம்பி," என்றார் டெனிஸின் அம்மா.

"செத்தவருக்கு ரிசர்வேஷனா ஆன்ட்டி?"

யாரும் உட்காரவில்லை. பல்பு எரிந்தது. ஒயரைக் கழற்றி மாட்டினான். மறுபடி எரிந்தது.

"காலி சீட்ல எரிஞ்சா ஃபெயில்தான்டா!" என்று கத்தி நாற்காலியை எட்டி உதைத்தான். பல்பு இன்னும் பிரகாசமானது.

"கோபம் வந்தா அப்பாவுக்கு உடம்பு கொதிக்கும், மச்சான்," என்றான் டெனிஸ்.

கேஷவ் குனிந்தான். "அங்கிள், ஸாரி. கொஞ்சம் எழுந்துக்கறீங்களா?"

பல்பு அணைந்தது. கேஷவ் இன்னொரு நாற்காலியை அவருக்கு இழுத்துப் போட்டான்.