கரண்ட் வந்ததும்

ஜெரோமின் கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் தானாகவே திறந்துகொள்ளும்படி ஒரு சின்ன புரோகிராம் எழுதி, அவன் டீ குடிக்கப் போன நேரத்தில் ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் போட்டுவிட்டாள் சுடர்க்கொடி. திரையில் ஒரு சின்னப் பெட்டி திறந்து ‘என்னைக் கட்டிக்கிறியா?’ என்று கேட்கும், அவ்வளவுதான். ஆனால் அந்த ஆபீஸில் யாரும் கம்ப்யூட்டரை அணைப்பதே இல்லை. மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். அவளும் அப்படித்தான். மழைக்காலமே முடிந்துவிட்டது, கேள்வி மட்டும் உள்ளேயே கிடந்தது.

இன்று பட்டப்பகலில் கரண்ட் போனது. யூபிஎஸ் கத்திக் கத்தி ஓய்ந்தது. மறுபடி கரண்ட் வந்தபோது ஆபீஸ் முழுக்க ‘ஹோ’வென்று சத்தம். சுடர் தன் கம்ப்யூட்டரை ஆன் செய்த கையோடு ஓடிப்போய் ஜெரோமின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். அவன் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அவனோ அதைப் பார்க்கவேயில்லை. கழுத்தை வளைத்து அவள் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தான். நெற்றியெல்லாம் வியர்வை.

“இங்க எதுக்கு வந்த? உன் சீட்டுக்குப் போ, சுடர். சீக்கிரம் போயேன்!”

அவள் திரும்பினாள். அவள் எழுதாத ஒரு பெட்டி அவள் திரையில் திறந்துகொண்டிருந்தது.